சட்டம் கேளுங்கள்: திரையில் பார்த்த வழக்கும் தீர்ப்பின் மீதான நம்பிக்கையும்

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகனும் மருமகளும் வேலை முடிந்து வந்தால் உண்மைக் குற்ற ஆவணப்படங்களைத்தான் பார்க்கிறார்கள். இப்போது நானும் உட்கார்ந்துவிடுகிறேன். ‘மேக்கிங் எ மர்டரர்’ தொடரைப் பார்த்து முடித்த இரவு, “கோர்ட்டும் போலீசும் ஒன்றுதான், எதையும் நம்ப முடியாது” என்று மகன் சொன்னான். எனக்கு மறுக்கத் தெரியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. இப்படங்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் மகனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவை அந்தத் தொடர் நிரூபிக்கவில்லை. பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஏவரி, தாம் செய்யாத பாலியல் வன்கொடுமைக்காக 1985-இல் தண்டிக்கப்பட்டு, 18 ஆண்டுகள் சிறையில் கழித்து, மரபணுச் சோதனையின் பயனாக 2003-இல் விடுதலையானார். டெரேசா ஹால்பாக் என்ற இளம் புகைப்படக் கலைஞரைக் கொன்றதாக 2005-இல் மீண்டும் கைதாகி, 2007-இல் ஆயுள் தண்டனை பெற்றார். இந்த இரண்டாவது வழக்கில் சான்றுகளைப் போலீசாரே கொண்டுவந்து வைத்திருக்கலாம் என்ற ஐயத்தைச் சுற்றித்தான் 2015 டிசம்பரில் வெளிவந்த அத்தொடர் நகர்கிறது. வெளிவந்த சில வாரங்களிலேயே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு மன்னிப்புக் கேட்டு வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பித்தார்கள். மாநில வழக்கில் மன்னிப்பு வழங்க அதிபருக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது.

அந்தக் கொலை வழக்கு நீதிமன்றத்தில் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் நடந்தது. தொடரின் முதல் பருவமோ பத்தே அத்தியாயங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்பதைத் தயாரிப்பாளர்கள்தாம் தீர்மானித்தார்கள். இறந்த பெண்ணின் காரில், எஞ்சின் மூடியின் தாழ்ப்பாளில் ஏவரியின் மரபணு இருந்ததாக அரசுத் தரப்பு வைத்த சான்றும், அவர் அப்பெண்ணுக்குத் தமது எண்ணை மறைத்து அழைத்தார் என்ற செய்தியும் முதல் பருவத்தில் இடம்பெறவில்லை. இவற்றைச் சேர்த்துக்கொண்டால் அவர் குற்றவாளிதான் என்று நான் சொல்ல வரவில்லை. விட்டுப்போனது இன்னதென்று தெரியாமல் பார்த்தவர், தாம் முழு வழக்கையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார் என்பதே என் கவலை. டெரேசாவுக்கு அப்போது வயது 25. பத்து அத்தியாயமும் பார்த்தவர்களிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோருக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் நினைவிருக்காது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

விடுவது மட்டுமல்ல, வரிசை மாற்றுவதும் உண்டு. 2015-இல் வந்த ‘தி ஜின்க்ஸ்’ தொடரின் கடைசிக் காட்சியில், கொலைச் சந்தேகத்துக்கு ஆளான நியூயார்க் செல்வந்தர் ராபர்ட் டர்ஸ்ட், மைக் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அறியாமல் கழிப்பறைக்குள் தமக்குத் தாமே, “நான் என்ன செய்துவிட்டேன்? எல்லாரையும் கொன்றேன்” என்று சொல்வதாகக் கேட்டு உலகமே திடுக்கிட்டது. அவ்விரு வாக்கியங்களும் பேசப்பட்ட வரிசை வேறு என்பதும், அவற்றுக்கு இடையில் வேறு பல வாக்கியங்கள் இருந்தன என்பதும், பதிவின் எழுத்து வடிவம் 2019-இல் நீதிமன்ற ஆவணமாக வெளிவந்தபோதுதான் தெரிந்தது. டர்ஸ்ட் பிறகு 2021-இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் ஒருவர் வாயில் வராத வரிசையில் அவருடைய சொற்களை அடுக்குவதை, முடிவு சரியாக அமைந்தது என்பதற்காக நான் ஏற்கமாட்டேன். ஒரு போலீஸ் அதிகாரி வாக்குமூலத்தில் இதையே செய்திருந்தால் நாம் சும்மா இருப்போமா?

இதனால் இவ்வகைப் படங்களே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். டல்லஸ் நகரில் 1976-இல் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்று, பிறகு அது ஆயுளாகக் குறைக்கப்பட்ட ரண்டல் டேல் ஆடம்ஸ், 1989-இல் வெளியே வந்ததற்கு எரோல் மோரிஸ் 1988-இல் எடுத்த ‘தி தின் புளூ லைன்’ பெருங்காரணம். ஆனால் அவருடைய தண்டனையை இரத்து செய்தது திரையரங்கம் அன்று. டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம். படம் வெளிக்கொணர்ந்த பொய்ச் சாட்சியங்களை நீதிபதிகள் எடைபோட்டுப் பார்த்த பிறகே அந்த மனிதருக்குக் கதவு திறந்தது.

ஏவரி தொடரில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி அவர் கொன்றாரா இல்லையா என்பதன்று. அவருடைய சகோதரியின் மகன் பிரெண்டன் டாசி, 16 வயதுப் பையன், பெற்றோரோ வழக்கறிஞரோ பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கப்படும் காணொளிதான். கேட்பவர்கள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று அந்தப் பையன் ஊகித்து ஊகித்துச் சொல்வதைப் பாருங்கள். அந்த வாக்குமூலம் செல்லாது என்று ஒரு கூட்டரசு நீதிபதி 2016-இல் தீர்ப்பளித்தார்; 2017-இல் மேல் அமர்வு 4-க்கு 3 என்ற கணக்கில் அதை மாற்றியது. படித்த நீதிபதிகள் எழுவர் ஒரே காணொளியைப் பார்த்து இப்படிப் பிரிந்து நின்றார்கள். நம் மலேசியாவிலோ, 2007-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு திருத்தப்பட்டதிலிருந்து, விசாரணையில் போலீசிடம் சொன்னதை அரசுத் தரப்பு ஒருவருக்கு எதிரான சான்றாக வைக்கப் பொதுவாக இடமில்லை. சில தனிச் சட்டங்களும், பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய தகவலும் இதற்கு விதிவிலக்கு.

உங்கள் மகனின் அவநம்பிக்கை நெட்ஃபிளிக்ஸில் பிறந்தது என்றும் நான் நினைக்கவில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் குகனின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த அந்த இளைஞருக்கு நடந்த முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பம் விடாமல் கேட்டதால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, உடம்பெங்கும் பட்ட அடியைக் காட்டியது. 2013-இல் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கி, தாயாருக்கு 8 இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நம்பிக்கை உடைந்ததும் அந்த வழக்கில்தான், அதில் ஒரு பகுதி மீண்டதும் அந்த வழக்கில்தான். காவலில் நடந்ததை வெளியே கொண்டுவந்தது ஒரு நீதிமன்ற அறை. ஆகவே “கோர்ட்டும் போலீசும் ஒன்றுதான்” என்ற வாக்கியத்தை உங்கள் மகன் திரும்பப் பெற வேண்டும் என்பேன். சந்தேகத்தை அல்ல. எந்தச் சான்று யார் கையில் இருந்தது, வழக்கறிஞர் எப்போது வந்தார், எதை நீதிபதி ஏற்கவில்லை என்றெல்லாம் அவர் சந்தேகப்படட்டும். நம் நீதிமன்றங்களின் தீர்ப்புக் காரணங்கள் நீதித்துறையின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அடுத்த முறை நம் நாட்டு வழக்கு ஒன்றைப் பற்றிய படம் வந்தால், அந்தத் தீர்ப்பையும் வீட்டில் சேர்ந்து படியுங்கள்.

கேள்வி: ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அறுவர் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டதாகக் கூறப்படும் கேரளாவின் கூடத்தாயி மரணங்கள் பற்றிய ஆவணப்படம் 2023-இல் வந்தபோது வழக்கு முடியவே இல்லை. இப்படிக் காட்டுவது சட்டப்படி சரியா? நம் நாட்டில் முடியுமா?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: இந்தியாவில் இது வழக்குக்கு வழக்கு மாறும். மகளைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட இந்திராணி முகர்ஜி பற்றிய தொடரை நிறுத்தும்படி மத்தியப் புலனாய்வுத் துறை 2024-இல் கேட்டபோது, பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தொடரைத் தாங்களே பார்த்துவிட்டு, விசாரணைக்குப் பாதகமாக அதில் எதுவும் இல்லை என்று தடைவிதிக்க மறுத்தார்கள். நம் நாட்டில் நீதிமன்ற அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கூட்டரசு அரசியலமைப்பின் 126-ஆம் விதியே மேல்நிலை நீதிமன்றங்களுக்குத் தருகிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் இன்னார்தான் குற்றவாளி என்று படம் எடுப்பவர் அந்த அபாயத்தைச் சுமக்கிறார். 1995-இல் ஜூரி முறையை ஒழித்துவிட்டதால் இங்கே தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி மட்டுமே, அவர் படத்தால் அசையமாட்டார் என்று சிலர் வாதிடுவார்கள். நீதிபதி அசையாமல் இருக்கலாம். சாட்சி அப்படி அல்லவே! தாம் கண்ணால் கண்டது எது, திரையில் கண்டது எது என்று பிரித்தறிய முடியாத சாட்சி இரு தரப்புக்கும் கேடு.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் நடந்த அடிதடி பற்றி வாக்குமூலம் கொடுக்க என் தம்பி மகனைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அவன் அதைப் பார்த்தவன், அவ்வளவுதான். படங்களைப் பார்த்துவிட்டு, “வாயே திறக்காதே, வக்கீல் வந்தால்தான் பேசுவேன் என்று சொல்” என்கிறார்கள் வீட்டுப் பிள்ளைகள். என்ன செய்வது ஐயா?
– செம்பனைத் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: அண்ணே, அந்த வசனம் அமெரிக்காவில் கைதானவர் பேசுவது, உங்கள் தம்பி மகன் சாட்சி. எழுத்து மூலம் அழைத்தால் அவர் போக வேண்டும், வழக்கைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும். தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மறுக்கலாம். இப்படிப் பதில் சொல்வது பற்றியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. அதே பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு பாதுகாப்பு இருக்கிறது: எழுதிய வாக்குமூலத்தை, அவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே அவருக்குப் படித்துக் காட்டி, திருத்தங்கள் இருந்தால் செய்ய வாய்ப்பளித்து, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர், கோயிலில் பூசை மணி அடித்த பிறகு சண்டை நடந்தது என்று தமிழில் சொன்னார். தாளில் மலாயில் ‘மாலை 7 மணி’ என்று ஏறியது. அன்று திருவிழா, பூசை வெகுநேரம் கழித்தே முடிந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளை நீட்டி, “இது உங்கள் கையெழுத்துத்தானே?” என்று கேட்டபோது, உண்மையைச் சொல்ல வந்த அந்த மனிதர் பொய்யரைப் போல வியர்த்து நின்றார். உங்கள் தம்பி மகனுக்கு அந்த நிலை வேண்டாம். தமிழில் பேசினால் தமிழில் படித்துக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். நேரம், தூரம், வெளிச்சம் ஆகியவற்றில் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லட்டும்.

ஒருவேளை அங்கே அவரைக் கைது செய்வதாகச் சொன்னால் நிலைமை வேறு. அப்போது அதே சட்டத்தின் 28A பிரிவின்படி ஓர் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள அவருக்கு உரிமை உண்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாத குடிமக்களுக்காகத் தேசிய சட்ட உதவி அறவாரியம் தடுப்புக் காவல் கட்டத்திலிருந்தே வழக்கறிஞரை அனுப்புகிறது. அதன் எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பையனின் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். கைப்பேசியைப் போலீசார் அங்கே வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும்.