'அப்' படத்தில் முரண், மையக்கருத்து, குறியீடு: கேள்வி பதில்

பிக்சாரின் 'அப்' (2009, இயக்கம் பீட் டாக்டர்) பற்றி வந்த கேள்விகள் இவை. படம் பார்த்து நாளானவர்களுக்குக் கதைச் சுருக்கம்: 78 வயது கார்ல், இறந்துபோன மனைவி எல்லிக்குச் சிறுவயதில் கொடுத்த வாக்குக்காக வீட்டில் பலூன்களைக் கட்டி, தென் அமெரிக்காவின் பாரடைஸ் அருவிக்குப் பறக்கிறார். வாசலில் நின்ற சாரணச் சிறுவன் ரஸ்ஸலும் கூடவே போய்விடுகிறான். அங்கே மன்ட்ஸ் என்ற கிழட்டுச் சாகசக்காரர் ஓர் அபூர்வப் பறவையைப் பல்லாண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: மேடம், மனிதனும் மனிதனும், மனிதனும் இயற்கையும், மனிதனும் சமூகமும் என்று எல்லா முரணும் இதில் இருக்கிறதே. கட்டுரையில் எதை எழுதுவது?

எல்லாம் இருக்கத்தான் செய்யும். புயலும் வில்லனும் இல்லாமல் சாகசப் படம் ஏது? ஆனால் பட்டியல் போட்டால் அது ஆய்வு ஆகாது. கார்லுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, அந்தத் தடை எந்தக் காட்சியில் தீர்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம்.

வீட்டை அருவிக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறார். வாக்கு நிறைவேறிவிட்டது. ஆனால் படம் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை. அப்படியானால் அருவியை அடைவது வெளிமுரண் மட்டுமே. மைய முரண் வேறு: இறந்தவளுக்குக் கொடுத்த வாக்கா, எதிரே நிற்கும் உயிர்களா?

அதற்கு ஆதாரமாக ஒரே ஒரு காட்சி போதும். மன்ட்ஸ் வீட்டுக்கு அடியில் தீ மூட்டுகிறார். பறவை வலையில் கிடக்கிறது. கார்ல் வீட்டில் பற்றிய தீயை அணைக்க ஓடுகிறார். பறவை பிடிபட்டுப் போகிறது. அகமுரண் செயலாக வெளியே தெரியும் இடம் இது. கட்டுரையின் நடுப்பத்தியை இந்தக் காட்சியின் மேல் கட்டுங்கள்.

தபால்பெட்டி இடிபட்ட தகராறில் கட்டுமானத் தொழிலாளியைக் கார்ல் அடிப்பதும், நீதிமன்றம் அவரை முதியோர் இல்லத்துக்குப் போகச் சொல்வதும் சமூகத்தோடான முரண்தான். ஆனால் அது கதையைக் கிளப்பிவிடும் தூண்டுகோல். அதற்கு ஒரு பத்தி கொடுத்தால் அதிகம், இரண்டு வரி போதும்.

கேள்வி: கருப்பொருள் 'கனவைக் கைவிடாதே' என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

தவறுதான் தம்பி. கனவைக் கடைசிவரை கைவிடாதவர் மன்ட்ஸ். அவர் கதி என்ன ஆயிற்று? நீங்கள் எழுதிய வாக்கியத்தை வில்லன் தலையில் வைத்துப் பாருங்கள். அவருக்கும் அப்படியே பொருந்தினால் வாக்கியத்தைத் திருத்தவேண்டும்.

'காதல்', 'நட்பு', 'இழப்பு' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்துவதும் போதாது, அது பேசுபொருள்தான். மையக்கருத்து முழு வாக்கியமாக, மறுத்துப் பேச இடம் தருவதாக இருக்கவேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'தேடிப் புறப்பட்ட சாகசம் சேர்ந்து வாழ்ந்த சாதாரண நாட்களிலேயே நடந்து முடிந்திருந்தது; அதை உணர்ந்த பிறகே கார்லால் உயிரோடிருப்பவர்கள் பக்கம் திரும்ப முடிகிறது.'

ஆதாரம் எல்லியின் சாகசப் புத்தகம். 'நான் செய்யப்போகிறவை' என்ற தலைப்புக்குப் பின்னால் வெற்றுத்தாள்தான் என்று கார்ல் நினைத்திருந்தார். புரட்டினால் கல்யாணத்திலிருந்து முதுமை வரை புகைப்படங்கள். கடைசியில் நன்றி சொல்லி, புதிய சாகசத்துக்குப் போகச் சொல்லும் குறிப்பு. இதற்கு முன்பே ரஸ்ஸல், அப்பாவோடு சாலையோரத்தில் உட்கார்ந்து கார்களை எண்ணியதைச் சொல்லி, சலிப்பான விஷயங்கள்தான் அதிகம் நினைவிருக்கின்றன என்கிறான். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் வாதம் நிற்கும்.

இன்னொன்று: சங்க இலக்கியம் படிப்பவர்களுக்குக் 'கருப்பொருள்' என்றால் நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, பறவை, பறை முதலியவை. குழப்பம் வேண்டாம் என்றால் மையக்கருத்து என்றே எழுதுங்கள்.

கேள்வி: வீடு உருவகமா, குறியீடா?

குறியீடு. 'வீடே எல்லி' என்று நீங்கள் எழுதினால் அந்த வாக்கியம் உருவகம். படத்திலோ வீடு கூரையும் கதவுமுள்ள உண்மையான வீடாகவே இருந்துகொண்டு, இன்னொன்றையும் சுமக்கிறது.

பலரும் 'வீடு எல்லியின் நினைவைக் குறிக்கிறது' என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். குறியீடு நகரும், அந்த நகர்வை எழுதவேண்டும். முதலில் கார்ல் வீட்டைப் பார்த்து எல்லியிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். அப்போது அது துணை. தரை தட்டிய பிறகு தோட்டத்து ரப்பர் குழாயை உடம்பில் கட்டி இழுத்துப் போகிறார், நினைவு சுமையாகிவிட்டது. ரஸ்ஸலைக் காப்பாற்ற வீடு மேலே எழும்பவேண்டும், எனவே தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே தள்ளுகிறார். இரண்டு நாற்காலிகள் மட்டும் அருவியோரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கடைசியில் வீடு மேகத்துக்குள் இறங்கி மறையும்போது, அது வெறும் வீடுதான் என்கிறார். விட்ட பிறகு அது தானாகவே, எல்லி வரைந்த அதே இடத்தில் போய் அமர்கிறது. கார்லுக்கு அது தெரியாது, நமக்குத்தான் தெரியும். முரண்நகைக்கும் (எதிர்பார்ப்புக்கு மாறாக அமைவது) இதையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: திராட்சைச் சோடா மூடி?

அதே முறைதான். சிறுமி எல்லி கார்லின் சட்டையில் பதக்கம்போலக் குத்திவிட்டது, கார்ல் காலமெல்லாம் அணிந்தது, முடிவில் ரஸ்ஸலின் சட்டையில். யார் யாருக்குக் குத்துகிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும்.

கேள்வி: அக்கா, வசனமே இல்லாத அந்தக் கல்யாண வாழ்க்கைக் காட்சியில் இலக்கிய உத்தி என்று எதைக் காட்டுவது?

திரும்ப வருதலை. பயணத்துக்குக் காசு சேர்க்கும் கண்ணாடி ஜாடியைப் பாருங்கள். டயர் பஞ்சராகிறது, கால் உடைகிறது, வீட்டின் மேல் மரம் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் ஜாடி உடைகிறது. வாழ்க்கை குறுக்கே வந்தது என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

பிறகு அந்தக் குன்று. இளமையில் எல்லி முன்னால் ஓடுகிறாள், கார்ல் பின்னால் மூச்சிரைக்க ஏறுகிறார். முதுமையில் பயணச்சீட்டை ஒளித்துவைத்துக்கொண்டு கார்ல் முன்னால் போகிறார். எல்லி பின்னால் தடுமாறி விழுகிறாள். இடம் ஒன்று, வரிசை தலைகீழ். மைக்கேல் ஜியாக்கினோவின் ஒரே மெட்டும் இதற்கேற்ப வேகம் குறைந்து, கடைசியில் தனிப் பியானோவாக ஒடுங்குகிறது. அந்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான்.

கேள்வி: கார்ல் சதுரமாகவும் ரஸ்ஸல் உருண்டையாகவும் இருப்பதை இலக்கிய உத்தி எனலாமா?

அது காட்சிமொழி. தனிப் பத்தியில், அதே பெயரில் எழுதுங்கள். உவமை, உருவகத்தோடு கலந்தால் இரண்டும் கெடும். கார்லின் நாற்காலி கட்டம், எல்லியின் நாற்காலி வளைவு என்பதையும் சேர்த்துக்கொண்டால் கூற்று வலுக்கும்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் 40 நிமிடத்தில் இதை எப்படி நடத்துவது?

முழுப் படம் வேண்டாம். வகுப்பின் முதல் 5 நிமிடத்தில் ஜாடி, குன்று வரும் பகுதியை ஒலியில்லாமல் போடுங்கள். எந்தப் பொருள் திரும்ப வருகிறது என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். மறுபடியும் இசையோடு. அடுத்து புத்தகத்தைத் திறக்கும் காட்சி. அதன் பிறகு 15 நிமிடம் எழுத்து: பொருள், முதலில் என்ன அர்த்தம், இப்போது என்ன அர்த்தம். குறியீடு என்ற சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே இலக்கணம் சொல்லிவிட்டால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அந்தச் சொல்லுக்கு உதாரணம் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: டக் என்ற நாய் எதைக் குறிக்கிறது?

எதையும் குறிக்கவில்லை. மிரட்டும் உருவத்தோடு கீச்சுக்குரலில் பேசும் ஆல்ஃபாவை, அதாவது மன்ட்ஸின் நாய்க்கூட்டத் தலைவனை, முரண்நகைக்கு எழுதலாம். டக் நல்ல நாய், அவ்வளவுதான்.