மாடல் ரயில் லேஅவுட்டில் தண்டவாளம் போட்டு முடித்தபின், பாயிண்ட்டை (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை) மாற்றும் பாயிண்ட் மோட்டார் பொருத்துவது எப்படி? எந்த மோட்டார் நல்லது?

பலகைக்கு அடியில் இருக்கும் மோட்டாரின் கம்பி மேலே பாயிண்ட்டுக்கு வரும் துளையிலிருந்தே தொடங்குகிறேன். எந்த மோட்டார் வாங்கினாலும் வேலை தேறுவதும் கெடுவதும் அந்தத் துளையில்தான்.

பாயிண்ட்டின் அசையும் தண்டவாளங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் குறுக்குப் பட்டைதான் டை பார். அதன் நடுவில் சின்ன ஓட்டை இருக்கும். டை பாரை நட்டநடுவில் நிறுத்துங்கள். ஸ்பிரிங் உள்ள பாயிண்ட் நடுவில் நிற்காமல் ஏதாவது ஒரு பக்கம் ஓடிவிடும். இரண்டு பக்கமும் பல்குச்சித் துண்டைச் செருகினால் அடங்கிவிடும். அப்புறம் அந்த ஓட்டை வழியாகவே 1 மில்லிமீட்டர் டிரில்லைச் செங்குத்தாக இறக்கி, பலகையின் அடிப்பக்கம் வரை கொண்டுபோங்கள். கையால் திருகும் டிரில்லே போதும், அவசரம் வேண்டாம். இனி கீழிருந்து அதே குறியில் 10 மில்லிமீட்டர் துளை. டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மேல்பரப்புக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை உருண்டை அரத்தால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். மோட்டாரைப் பொருத்தி முடியும்வரை டை பார் பக்கம் ஜல்லித் தூளோ பசையோ போகவே கூடாது.

சரி, மோட்டார். சோலனாய்டு வகை, அதாவது கம்பிச்சுருளில் (காயில்) மின்சாரம் பாயும்போது காந்தமாகி இழுக்கும் வகை, 'டக்' என்று ஒரே அடியில் பாயிண்ட்டைத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். அதன்பின் அந்த இடத்திலேயே பிடித்து வைப்பது பாயிண்ட்டின் ஸ்பிரிங்தான், அதைக் கழற்றிவிடாதீர்கள். டார்டாய்ஸ் (Tortoise) என்ற பெயரில் விற்பது மாதிரி மெதுவாக நகரும் மோட்டார் நேர்மாறு. எப்போதும் மின்சாரத்தில் இருந்து, தானே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் நின்றுவிட்ட பிறகும் ஏறத்தாழ 16 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். இதற்கு ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவது நல்லது. தண்டவாளம் ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்வதைப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் நிஜப் பாயிண்ட்டைப் பார்ப்பது போலவே இருக்கும். காசும் அடியில் இடமும் இருந்தால் அதையே வாங்குங்கள் என்பேன்.

சோலனாய்டுதான் என்றால் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் இல்லாமல் இணைக்காதீர்கள். ஒருமுறை என் புஷ் பட்டன் அழுந்தியபடியே மாட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தபோதுதான் தெரிந்தது; கழற்றிப் பார்த்தால் காயில் உருகி, உள்ளே கம்பி நகரவே இல்லை. அந்த யூனிட் இருந்திருந்தால் சேமித்த மின்சாரத்தை ஒரே வீச்சில் விட்டிருக்கும், பட்டன் அழுந்தியிருந்தாலும் காயிலைச் சுடும் அளவுக்குத் தொடர்ந்து அனுப்பியிருக்காது. மெல்லிய வயரும் வேண்டாம். அந்த ஒரு நொடியில் போகும் மின்சாரம் அதிகம், தூரம் கூடக் கூட அடி பலவீனமாகிவிடும். 0.2 மில்லிமீட்டர் இழை 16 உள்ள வயர் சரியாக இருக்கும்.

மோட்டாரைப் பொருத்தும்போது நேராகத் திருகிவிடாமல் முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள். மோட்டாரின் கம்பியும் டை பாரும் ஒரே நேரத்தில் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் மோட்டாரை அரை மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான் தேவைப்படும். பிறகே திருகு. திருகின் நீளம் பலகையின் தடிமனைவிடக் குறைவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட்டின் ஃப்ராக் (இரு பாதைகளின் உள் தண்டவாளங்கள் குறுக்கிடும் V வடிவத் துண்டு) உலோகமாக இருந்து அதற்கும் மின்சாரம் கொடுப்பதாக இருந்தால், பாயிண்ட் மாறும்போது அதன் துருவமும் மாற வேண்டும். டார்டாய்ஸில் அதற்கான ஸ்விட்ச் உள்ளேயே இருக்கிறது, சோலனாய்டுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். இணைத்ததும் ஷார்ட் ஆனால் ஸ்விட்சின் வெளி வயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

எஞ்சின் ஓட்டுவதற்கு முன்னால், பாயிண்ட்டை ஒரு பக்கம் மாற்றிவிட்டு, அசையும் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி மூடியிருக்கும் இடுக்கில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகப் பாருங்கள். உள்ளே போகக் கூடாது. மறுபக்கமும் அதே மாதிரி. எந்தப் பக்கம் காகிதம் நுழைகிறதோ, அந்தப் பக்கம்தான் சக்கரம் தடம் புரளும். திருகைக் கழற்றி, டேப்பைப் பிரித்து, மோட்டாரை மறுபடி நகர்த்துங்கள்.