ஹானர்ஸ் டார்ம், சொராரிட்டி: இரண்டும் ஒத்துப்போகுமா?

வணக்கம். மகளுக்கு அமெரிக்கக் கல்லூரியில் ஹானர்ஸ் புரோகிராமும் (சிறந்த மாணவர்களுக்கான தனிப் படிப்புத் திட்டம்), ஹானர்ஸ் மாணவர்கள் சேர்ந்து தங்கும் டார்மும் (கல்லூரி விடுதி) கிடைத்திருக்கிறது, சொராரிட்டியிலும் (மாணவியர் சங்கம்) சேர விரும்புகிறாள், தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் வருடம் தாராளமாகத் தாங்கும். புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் டார்மில்தான் இருப்பார்கள். சிக்கல் இரண்டாம் வருடத்தில். பல சொராரிட்டிகளில் அப்போது சங்கத்தின் சொந்த வீட்டில் தங்கியாக வேண்டும். அது தெரியாமல் அடுத்த வருட டார்ம் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டால் ரத்துக் கட்டணம் தலையில் விழும். எத்தனை செமஸ்டர் தங்க வேண்டும், தங்காவிட்டால் எவ்வளவு கட்டணம் என்று ரெக்ரூட்மென்ட் (உறுப்பினர் தேர்வு) நாட்களிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

ரெக்ரூட்மென்ட்டின் கடைசிச் சுற்று முடிந்ததும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் அவள் எழுதிய சொராரிட்டி அழைத்து, அவள் மறுத்தால், அந்தக் கல்லூரியில் நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற சொராரிட்டிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறெதிலும் அடுத்த வருட ரெக்ரூட்மென்ட் வரை சேர முடியாது. மனதுக்குப் பிடிக்காத பெயரை எழுதவே வேண்டாம்.

முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் போதும். 12-க்குக் கீழே போனால் முழுநேர மாணவி அந்தஸ்தே போய்விடும், உதவித்தொகையும் ஆட்டம் காணும். வாராந்தரக் கூட்டம் நடக்கும் மாலையில் லேப் வைக்காதீர்கள். சொராரிட்டி கேட்கும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) பொதுவாக ஹானர்ஸ் கேட்பதைவிடக் குறைவு. சொராரிட்டியில் எச்சரிக்கை வருவதற்குள் ஹானர்ஸில் இடம் போயிருக்கும், ஆகவே ஹானர்ஸ் வரம்பையே கணக்கில் வையுங்கள்.

டார்மின் கட்டாய மீல் பிளானோடு சொராரிட்டி சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள்.