முகத்துக் கறையும் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: இங்கிலாந்தின் பழைய சமய நூல்களில் பலவற்றுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் இருக்கிறது. இது அந்தக் காலத்து மோஸ்தர் மட்டும்தானா, அல்லது பெயருக்குப் பின்னால் ஒரு கருத்து இருந்ததா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் உண்டு. லத்தீனில் 'ஸ்பெகுலும்' என்றால் கண்ணாடி. ஒரு விஷயத்தில் அறிய வேண்டியதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் நூலுக்கு அந்தப் பெயரை வைப்பது இடைக்கால ஐரோப்பா முழுவதும் இருந்த வழக்கம். யார்க்‌ஷயரின் ரீவோ மடத்துத் துறவி ஏல்ரெட் 1140-களில் 'அன்பின் கண்ணாடி'யை லத்தீனில் எழுதினார். பிற்பாடு கேன்டர்பரி பேராயரான எட்மண்டின் நூல் 'திருச்சபையின் கண்ணாடி' என்று வழங்கி, ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் லத்தீன் அறியாதவர்களுக்காக எழுதப்பட்ட 'வாழ்வின் கண்ணாடி' 16,000 அடிகளைத் தாண்டும் செய்யுள் நூல். அதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர்களை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கருத்து என்று பார்த்தால், இவர்கள் பெரும்பாலும் போப் கிரகோரியின் வழி வந்தவர்கள். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோபு நூலுக்கு உரை எழுதிய அவர், வேதம் மனக்கண்ணின் முன் வைக்கப்பட்ட கண்ணாடி என்றும், அதில் நம் அகமுகத்தின் அழகையும் அவலட்சணத்தையும் காண்கிறோம் என்றும் சொன்னார். அப்படியானால் கண்ணாடிக்கு இரண்டு வேலைகள் இருந்தன: நீ எப்படி இருக்கிறாய் என்று காட்டுவது ஒன்று, எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவது மற்றொன்று. மவுண்ட் கிரேஸ் மடத்தின் தலைவர் நிக்கலஸ் லவ் ஏறத்தாழ 1410-ல் எழுதிய 'இயேசு கிறிஸ்துவின் திருவாழ்வுக் கண்ணாடி' முழுக்க முழுக்க இரண்டாம் வகை. அதில் வாசகர் தம் முகத்தைப் பார்ப்பதில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகளைப் பார்த்துத் தம்மை அளந்துகொள்கிறார். இதை நாம் இன்று கண்ணாடி என்று சொல்ல மாட்டோம், சித்திரம் என்றே சொல்வோம்.

இந்த நூலுக்குப் பின்னால் அரசியலும் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் திருச்சபையை விமர்சித்த அறிஞர் விக்ளிஃபின் வழியினர் வேதம் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்திருந்த நேரம் அது. அனுமதியின்றி வேதத்தைப் புதிதாக மொழிபெயர்க்கக்கூடாது என்று 1409-ல் கட்டளை வெளியிட்ட பேராயர் ஆரன்டல், லவ்வின் நூலுக்குத் தம் ஒப்புதலை அளித்தார். வேதத்தையே நேரில் பார்க்க விரும்பியவர்களுக்குக் கிடைத்தது இந்தச் சட்டம் போட்ட கண்ணாடிதான். சட்டம் என்ற சொல்லை இரு பொருளிலும் கொள்க.

கேள்வி: 'இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நல்ல கண்ணாடி தெளிவாகத்தானே காட்டும்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் வீட்டுக் கண்ணாடி தெளிவாகக் காட்டும். பவுல் காலத்துக் கண்ணாடி மெருகேற்றிய உலோகம். இடைக்கால இங்கிலாந்திலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை: ஒன்று, தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகத் தகடு, அல்லது, பின்புறம் ஈயம் பூசிய, சற்றே புடைத்த சிறிய கண்ணாடித் துண்டு. உலோகத் தகட்டைச் சில நாள் தேய்க்காமல் விட்டால் மங்கிப்போகும், ஈரம் பட்டால் கறுக்கும். நிழலாட்டம் என்பது அவர்களுக்கு உவமையே அல்ல, அன்றாட அனுபவம்.

இங்கே தமிழ் மொழிபெயர்ப்பைப் பாராட்ட வேண்டும். 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் 'கண்ணாடியின் ஊடாக' என்னும்படி மொழிபெயர்த்ததால், இன்றைய ஆங்கில வாசகர் பலர் அழுக்கேறிய ஜன்னலை நினைத்துக்கொள்கிறார்கள். தமிழிலும் 'கண்ணாடி'க்கு இரு பொருள் உண்டென்றாலும், 'கண்ணாடியிலே' என்ற வேற்றுமை உருபு அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

தேய்க்க வேண்டிய கண்ணாடி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பல வரிகள் விளங்கும். நாட்டிங்ஹாம்‌ஷயரின் தர்கார்ட்டன் மடத்தில் வாழ்ந்து 1396-ல் மறைந்த வால்டர் ஹில்டன், உன் ஆன்மாவே கண்ணாடி, அதில்தான் ஆண்டவரைக் காண்பாய் என்கிறார். முதலில் அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடி, உடலாசையும் உலக வீண்பெருமையும் படியாமல் துலக்கி வை, தரையில் வைக்காமல் உயர்த்திப் பிடி என்று அவர் சொல்லும்போது, மண்தரையில் கிடந்து மங்கிப்போன தகடு ஒன்று நம் கண்முன் வருகிறது. அதே நூற்றாண்டின் 'பியர்ஸ் பிளவ்மேன்' கவிதையிலோ சோகம் கலந்த வேறொரு குரல் கேட்கிறது. கிறிஸ்து எங்கும் இருக்கிறார் என்று குருமார் கற்பிக்கிறார்கள், ஆனால் கண்ணாடியில் என்னைக் காண்பதுபோல் அல்லாமல் அவரை நான் மெய்யாகக் கண்டதே இல்லை என்கிறான் கனவு காண்பவன். உடனே பவுலின் அதே வசனம் அங்கே லத்தீனில் வருகிறது.

வெனிசிலிருந்து தெளிவான படிகக் கண்ணாடி வரத் தொடங்கியபோது உவமையும் தலைகீழானது. 1576-ல் ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் காஸ்காய்ன், படிகக் கண்ணாடி இருப்பதைவிட அழகாகக் காட்டி முகத்துதி செய்கிறது, பழைய எஃகுக் கண்ணாடியே உண்மை சொல்லும் என்று ஒரு நெடுங்கவிதையே எழுதிவிட்டார்.

கேள்வி: குறையைப் பார்த்துவிட்டால் மனிதன் திருந்திவிடுவானா? அந்த எழுத்தாளர்கள் அவ்வளவு எளிதாகவா நம்பினார்கள்?
- வாசகர், திருச்சி

பதில்: நம்பவில்லை. கண்ணாடியில் தன் சுபாவ முகத்தைப் பார்த்துவிட்டு, அவ்விடம் விட்டுப் போனவுடனே தன் சாயலை மறந்துவிடும் மனிதனைப் பற்றி யாக்கோபு நிருபத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. இந்தக் கேள்வியை மிக நுட்பமாகக் கையாண்டவர், 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'அறியாமையின் மேகம்' என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதிய, பெயர் தெரியாத ஒருவர்.

அந்நூலின் 35-ஆம் அத்தியாயத்தில் அவர் கணக்கைத் தெளிவாகப் பிரித்து வைக்கிறார். இறைவார்த்தை கண்ணாடி, பகுத்தறிவு கண், மனசாட்சி முகம். முகத்தில் கறை இருந்தால், கண்ணாடியோ, சொல்ல மற்றொருவரோ இல்லாமல் கண்ணால் அதைக் காண முடியாது. அதேபோல, பழகிப்போன பாவத்தால் குருடான ஆன்மா வேதத்தைப் படிக்காமலோ கேட்காமலோ தன் மனசாட்சியின் கறையை அறியாது. எழுத்தறியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்போமே. அதற்கும் பதில் வைத்திருக்கிறார். குருமார் நூல்களைப் படிக்கிறார்கள், படிக்காதவர்கள் குருமாரைப் படிக்கிறார்கள், அதாவது அவர்களுடைய பிரசங்கத்தைக் கேட்கிறார்கள் என்கிறார்.

கறையைக் கண்டவன் அடுத்து என்ன செய்வான்? கிணற்றுக்கு ஓடுவான். கண்ணாடியைத் துடைத்தால் முகம் சுத்தமாகாது என்பது அவர் சொல்லாமல் சொல்வது. ஆனால் எல்லாக் கறைக்கும் ஒரே கிணறு அல்ல. செய்த பாவம் இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்லக்கூடியதாக இருந்தால், கிணறு திருச்சபை, தண்ணீர் பாவசங்கீர்த்தனம். பெயர் சொல்ல முடியாமல் உள்ளே கிளரும் பாவத்தின் குருட்டு வேராக இருந்தால், கிணறு இரக்கமுள்ள கடவுளே, தண்ணீர் ஜெபம். இந்தப் பாகுபாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பொய் சொன்னேன், திருடினேன் என்று குருவிடம் சொல்லலாம். காரணம் தெரியாமல் மனம் கசந்து கிடப்பதை எந்தப் பெயரில் போய்ச் சொல்வது?

கேள்வி: கண்ணாடி பார்ப்பதே தற்பெருமை என்றும் அவர்கள் பிரசங்கித்தார்களே, முரண் அல்லவா?
- வாசகி, மதுரை

பதில்: முரண்தான், அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் 1484-ல் ஆங்கிலத்தில் அச்சிட்ட, ஒரு பிரெஞ்சுப் பிரபு தம் மகள்களுக்குச் சொன்ன கதைகளில், மணிக்கணக்கில் அலங்கரித்துக்கொள்ளும் சீமாட்டி ஒருத்தி கண்ணாடியில் தன் முகத்துக்குப் பதிலாகச் சாத்தானின் பின்புறத்தைக் காண்கிறாள். பிள்ளைகள் பயந்தார்களோ சிரித்தார்களோ!

கேள்வி: முதலாம் எலிசபெத் சிறுமியாக இருந்தபோதே இத்தகைய நூல் ஒன்றை மொழிபெயர்த்தார் என்பது உண்மையா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மை. நவார் நாட்டு அரசி மார்கரீத் பிரெஞ்சில் எழுதி 1531-ல் வெளிவந்த 'பாவ ஆன்மாவின் கண்ணாடி' அது. (இதற்கு முன் 'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி'யை எழுதிய மற்றொரு பிரெஞ்சு மார்கரீத், 1310-ல் பாரிசில் உயிரோடு எரிக்கப்பட்டார். எழுதியவர் யார் என்று அறியாமலேயே அந்நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு மடங்களில் வாசிக்கப்பட்டது. ஆசிரியரின் அடையாளம் 1946-ல்தான் வெளிப்பட்டது.)

எலிசபெத்துக்கு அப்போது வயது 11. 1544-ஆம் ஆண்டின் கடைசி நாள் தேதியிட்ட கடிதத்துடன், சிற்றன்னையும் இங்கிலாந்து அரசியுமான கேத்தரின் பாருக்குப் புத்தாண்டுப் பரிசாக அதை அனுப்பினார். நீலப் பின்னணியில் தங்க, வெள்ளி இழைகளால் பின்னலிட்டு, நடுவில் அரசியின் பெயரெழுத்துகளையும் மூலைகளில் சிறு பூக்களையும் தைத்த அட்டை. அக்கடிதத்தில், தம் சொற்கள் பல இடங்களில் கரடுமுரடாக இருப்பதை அறிவதாகவும், அரசியின் கூர்மதி என்னும் அரம் அவற்றை ராவி மெருகேற்றித் திருத்தும் என்று நம்புவதாகவும் எழுதியிருக்கிறார். கண்ணாடி என்று பெயர் கொண்ட நூலுக்கு அரம் கேட்ட அந்தச் சிறுமியின் கைப்பிரதி இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.