அப்பா சேர்த்து வைத்த பழைய இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் இணையத்தில் விற்பது எப்படி? ஒவ்வொன்றாக விற்பதா, மொத்தமாகக் கொடுத்துவிடுவதா?

பல வருடமாக இசைத்தட்டுகளை வாங்கியும் விற்றும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விலை என்ன கிடைக்கும் என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கையில் இருப்பது எந்தப் பதிப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் விலை பார்ப்பது சின்ன வேலை. அவை தெரியாமல் போடும் விலை, ஒன்று உங்களுக்கு நஷ்டம், இல்லையென்றால் வாங்குபவரோடு சண்டை.

பழசு என்பதாலேயே விலை வந்துவிடாது. லட்சக்கணக்கில் அச்சாகி விற்ற ஆல்பம் ஐம்பது வருடம் கழித்தும் தாராளமாகக் கிடைக்கும். யாரும் கண்டுகொள்ளாமல் சில நூறு பிரதிகளோடு நின்றுபோன தட்டைத்தான் ஆட்கள் தேடி அலைகிறார்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் ஷெல்லாக் (அரக்கு) தட்டுகள், எல்.பி. எனப்படும் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டுகளைவிட வயதில் மூத்தவை, எல்.பி. வந்ததே 1948இல்தான். ஆனாலும் 78களில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. விதிவிலக்குகள் உண்டு, அதனால் பார்க்காமல் ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

சரி, எந்தப் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உறையில் அச்சடித்த வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். மறுபதிப்புகளிலும் பெரும்பாலும் பழைய வருடமே இருக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றி வரும் வெற்றுப் பகுதியைப் பாருங்கள். அங்கே கையால் கீறியோ முத்திரை குத்தியோ சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். அதையும், உறையின் முதுகில் உள்ள கேட்லாக் எண்ணையும் (வெளியிட்ட நிறுவனம் கொடுத்த எண்), லேபிளின் நிறத்தையும் வடிவத்தையும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிட்டால் உங்களுடையது எந்த அச்சு என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். 2000இல் கெவின் லெவண்டோவ்ஸ்கி எலக்ட்ரானிக் இசைக்காக ஆரம்பித்த தகவல் தளம் அது. இன்று எல்லா வகை இசைக்கும் சேகரிப்பாளர்கள் முதலில் போய்ப் பார்க்கும் இடம்.

இன்னும் இரண்டு தடயங்கள். உறையிலேயே பார்கோடு அச்சாகியிருந்தால் அது 1960களின் முதல் அச்சாக இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் இசைத்தட்டு உறைகளில் பார்கோடு 1970களின் பிற்பகுதியில்தான் வரத் தொடங்கியது. சி.டி.யின் உள்வளையத்தில் ஐ.எஃப்.பி.ஐ. (இசை நிறுவனங்களின் சர்வதேச அமைப்பு) என்று பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருந்தால் அது 1994 அல்லது அதற்குப் பிறகு அச்சானது. 1980களின் முதல் பதிப்பு என்று அதை விற்கக் கூடாது.

அடுத்தது நிலை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வாங்குபவர் தட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது, நீங்கள் எழுதுவதை நம்பித்தான் பணம் அனுப்புகிறார். உலகம் முழுக்கப் பெரும்பாலோர் பின்பற்றுவது கோல்ட்மைன் என்ற சேகரிப்பாளர் இதழின் தர அளவுகோல். மேலிருந்து கீழாக மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், அப்புறம் ஃபேர், புவர். புதிதாக விற்பவர்கள் தடுமாறும் இடம் நடுவில் இருக்கிறது. குட் தரத் தட்டில் பாட்டு முழுக்க இரைச்சல் கேட்கும். அளவுகோலின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று குட் போட்டால் நல்ல தட்டு போகாமல் கிடக்கும். மின்ட் என்பதோ ஒருமுறைகூட ஓடாத, குறையே இல்லாத தட்டுக்கு மட்டும். வீட்டில் கேட்டு ரசித்த எதற்கும் அந்தத் தரத்தை எழுதாதீர்கள்.

தட்டுக்கு ஒரு தரம், உறைக்குத் தனியாக ஒரு தரம் கொடுங்கள். கீறலை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள்; பகல் வெளிச்சத்தில் பாதி தெரியாது. கண்ணுக்கு மட்டும் தெரியும் மெல்லிய கோடுகள் பல சமயம் சத்தமே தராது. நகம் தட்டுப்படும் கீறலோ கட்டாயம் டிக் டிக் என்று கேட்கும், சில சமயம் முள் அங்கேயே நின்றும்விடும். அதனால் விலை பெறும் தட்டுகளையாவது விற்கும் முன் இரண்டு பக்கமும் முழுதாகப் போட்டுக் கேளுங்கள். எந்தப் பாட்டில் எத்தனை முறை தட்டுகிறது என்று விவரத்தில் எழுதுங்கள். குறையை இப்படி வெளிப்படையாக எழுதினால் வாங்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். நான் வாங்கும்போது அப்படி எழுதுகிற ஆளைத்தான் தேடிப் போகிறேன், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் வாங்குகிறேன்.

விற்கப் போகிறோமே என்று அவசரமாகத் துடைக்கவும் வேண்டாம். முக்கியமாக 78களின் மேல் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது. ஷெல்லாக் அதில் கரையும்.

கேசட்டில் பார்க்க வேண்டியது வேறு. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருக்கிறதா, பூஞ்சை பூத்திருக்கிறதா, ஓடும்போது சத்தம் மங்கி மங்கி வருகிறதா என்று பாருங்கள். 8 டிராக் கேட்ரிட்ஜ் (கேசட்டைவிடப் பெரிய பழைய நாடாப் பெட்டி) இருந்தால் சோதிக்காமல் ப்ளேயரில் போடவே வேண்டாம். நாடாவை இணைக்கும் உலோக ஒட்டு வயதாகிப் பிரிந்திருக்கும். போட்டதும் நாடா உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். பதிவு செய்யாத காலி கேசட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். பிரிக்காத டைப் 4 மெட்டல் கேசட்டுகளுக்கு (உலோகத் துகள் பூசிய நாடா உள்ளவை) ஆர்வமாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சி.டி.யில் விளிம்பிலிருந்து செம்பு நிறம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பி.டி.ஓ. ஆலையில் 1988க்கும் 1993க்கும் இடையில் அச்சான சில சி.டி.க்களுக்கு இந்த நோய் உண்டு, அது மேலும் பரவும். வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பது நியாயமில்லை.

இப்போது விலை. யாரோ கேட்கிற விலை உங்களுக்கு எதையும் சொல்லாது. என்ன விலைக்கு விற்று முடிந்தது என்பதுதான் கணக்கு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் முன்பு போன குறைந்த விலை, இடைநிலை விலை, அதிக விலை மூன்றும் இருக்கும். உங்கள் தட்டின் தரத்தில் போனதோடு ஒப்பிடுங்கள். நியர் மின்ட் விலையை வெரி குட் தட்டுக்குக் கேட்டால் அது அங்கேயே கிடக்கும். அரிதான, விலை நிச்சயமில்லாத தட்டுக்கு ஏலம் நல்லது. மற்றவற்றுக்கு நிலையான விலை போதும். இன்னொன்று, அனுமதியில்லாமல் அச்சடித்த பதிப்புகளை டிஸ்காக்ஸில் விற்க முடியாது.

படத்தில் உறையின் முன்னும் பின்னும், இரண்டு லேபிள்கள், மேட்ரிக்ஸ் எண், மோசமான கீறல் எல்லாம் வரட்டும். அனுப்பும்போது தட்டை உறைக்கு வெளியே எடுத்து, உள்ளுறையோடு தனியாக வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் ஆடி ஆடி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் தட்டைவிடப் பெரிய கெட்டி அட்டை வேண்டும். 78 கீழே விழுந்தால் உடையும் பொருள், அதற்குப் பெட்டிக்குள் பெட்டி. டர்ன்டேபிளும் விற்பதாக இருந்தால் இசைத்தட்டை வைக்கும் சுழல் தட்டையும், டோன் ஆர்மின் (முள்ளைத் தாங்கும் கை) பின்னால் உள்ள எதிர் எடையையும் கழற்றித் தனியாகச் சுற்றி, முள்ளுக்கு மூடி போட்டு, டோன் ஆர்மைக் கட்டிய பிறகுதான் பெட்டியில் வையுங்கள். சுங்கப் படிவத்தில் அன்பளிப்பு என்று எழுதச் சொல்லி சிலர் கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய்யான தகவல், தொலைந்தால் ஈடும் கிடைக்காது.

கடைசியாக, மொத்தமா தனித்தனியா? முழுதும் ஒன்றாகக் கொடுத்தால் வியாபாரி நாலைந்து நல்ல தட்டுகளுக்காகத்தான் விலை சொல்வார், மீதி அவருக்குச் சுமை. எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டால் மலிவான தட்டுகளைக் கட்டி அனுப்பும் செலவும் உழைப்புமே வருமானத்தைத் தின்றுவிடும். அதனால் மேலே சொன்னபடி பதிப்பைப் பார்த்து, விலை பெறக்கூடியவற்றைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்றுவிடுங்கள். மீதியை இசைவகை வாரியாகவோ பாடகர் வாரியாகவோ கட்டுக்கட்டாகப் போடுங்கள். எதற்கும் தேறாதவற்றைக் கேட்க ஆசைப்படும் யாருக்காவது கொடுத்துவிடலாம். அப்பா தானே பதிவு செய்த ஸ்பூல் டேப்போ (பெரிய சக்கரத்தில் சுற்றிய நாடா) கேசட்டோ கண்ணில் பட்டால் அவற்றை இந்த மூன்று குவியலிலும் சேர்க்காமல் முதலில் கணினியில் ஏற்றிவிடுங்கள். அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.