பேண்டுக்குப் பாடவும் டிரம்ஸுக்கும் எந்த மைக் வாங்கலாம்? கண்டென்சர் நல்லதா?

காலேஜ் பேண்டு, ஒரு டிரம்ஸ் கிட், பாட ரெண்டு பேர், கண்டென்சர் (சின்னச் சத்தத்தையும் நுணுக்கமா எடுக்குற மைக் வகை) தான் கிளியரா இருக்கும்னு யூடியூப்ல சொல்றாங்க, வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வாங்காதீங்க. அந்த யூடியூப்காரர் கதவைச் சாத்திட்டு ரூமுக்குள்ள தனியா பாடுறாரு. உங்களுக்கு முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன் சிம்பலைப் போட்டு அடிச்சு நொறுக்கிட்டு இருப்பான், கண்டென்சர் அதையும் சேத்து அள்ளிட்டு வந்து ஸ்பீக்கர்ல கொட்டும்.

நான் மைக் செட்காரன். கல்யாண ரிசப்ஷன், திருவிழா கச்சேரி, காலேஜ் கல்ச்சுரல்ஸ் எல்லாம் பண்றேன். ஸ்டேஜுக்கு மைக் வாங்கும்போது அது எதை எடுக்காம விடுதுன்னு பாக்கணும், எல்லாத்தையும் எடுக்குற மைக் நமக்கு எதிரி. இதைச் சொன்னா ஒரு பயலும் நம்ப மாட்டான்.

ஒரு ரிசப்ஷன்ல பாட வந்த தம்பி சொந்தமா பீட்டா 58ஏ கொண்டு வந்திருந்தாரு. நல்ல மைக், குறை சொல்லல. எங்க எஸ்எம்58ஐ எடுத்து ஓரமா வச்சுட்டு "அண்ணே, இதுல பாடிக்கிறேன், உங்க மைக் லோக்கலா இருக்கு"ன்னாரு. சரி தம்பின்னு மாட்டினேன். முதல் பல்லவியே முடியல, கீஈஈன்னு ஒரு கத்து, முன் வரிசைல பெரியவங்க காதைப் பொத்திக்கிறாங்க, மாப்பிள்ளையோட மாமா எந்திரிச்சு என்னைப் பாத்து முறைக்கிறாரு. ஊர் உலகத்துல ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குள்ள போய்க் கத்துறது) வந்தா சவுண்டுக்காரன்தான் குற்றவாளி! விஷயம் என்னன்னா எஸ்எம்58 கார்டியாய்டு, அதாவது முன்னாடி வர்றதை நல்லா எடுக்குற வகை, அதுக்கு நேர் முதுகுப் பக்கம்தான் காது மந்தம், அதனால மானிட்டரை, அதான் பாடகருக்கே கேக்குறதுக்கு வைக்கிற ஸ்பீக்கரை, பாடகர் முன்னாடி நேரா வச்சிருந்தோம். பீட்டா சூப்பர் கார்டியாய்டு, பக்கவாட்டுல நல்லா அடக்கும் ஆனா நேர் பின்னாடி கொஞ்சம் கேக்கும், அது அமுங்குற இடம் மைக் முன்பக்கத்துலேந்து சுமார் 120 டிகிரில ரெண்டு பக்கமும் சாய்வா இருக்கு. போய் மானிட்டரை ஓரமா நகத்தித் திருப்பி வச்சேன், கத்து நின்னுச்சு. அடுத்த பாட்டுல ராப் பண்றேன்னு மைக் தலையை உள்ளங்கையால பொத்திப் பிடிச்சாரு, திரும்ப கீஈஈ. பொத்தினா பின் வழி அடைஞ்சு அது நாலா பக்கமும் கேக்குற மைக் ஆயிடும் தம்பி, வலைக்குக் கீழ பிடிங்கன்னு மேடைக்கே போய்ச் சொன்னேன்.

உடனே கமெண்ட்ல "நியூமன் கேஎம்எஸ் 105 ஸ்டேஜுக்குன்னே வந்த கண்டென்சர்தானே"ன்னு வராதீங்க. தெரியும். அது விலைக்கு 58 எத்தனை வாங்கலாம்னும் தெரியும். கேட்டவரு காலேஜ் பையன்.

அதனால உங்களுக்கு: பாட ரெண்டு எஸ்எம்58, இல்ல சென்ஹைசர் இ835. ரெண்டுமே கண்டென்சர் இல்ல, டைனமிக் வகை. 58 வந்தது 1966ல, இன்னும் மேடை மேடையா ஓடுது. உதட்டை ஒட்டிப் பாடுங்க, பேஸ் ஏறும், மிக்ஸர்ல லோ கட் (அடி சத்தத்தைக் குறைக்குற பட்டன்) போட்டா சரியாயிடும். டிரம்ஸுக்கு ஏழெட்டு மைக் செட் எதுவும் வேணாம். சின்ன ஹால்ல கிக்குக்கு (காலால அடிக்கிற பெரிய டிரம்) ஒண்ணு போதும், ஏகேஜி டி112 மாதிரி, முன் தோல்ல இருக்குற ஓட்டைக்குள்ள கொஞ்சம் நுழைச்சு வைங்க. இன்னும் காசு இருந்தா ஸ்னேருக்கு (குச்சியால அடிக்கிற, சுள்ளுன்னு கேக்குற சின்ன டிரம்) ஒரு எஸ்எம்57, ரிம்முக்கு ரெண்டு விரல் மேல, நடுத்தோலைப் பாத்து. சிம்பலுக்குத் தனி மைக் ஓப்பன் கிரவுண்டுல பாத்துக்கலாம், ஹால்ல அது பாடகர் மைக்லயே வேண்டிய மட்டும் வந்துரும். இதே கதைதான் தவிலுக்கும், கல்யாண மண்டபத்துக்குள்ள தவிலுக்கு மைக் கேப்பாங்க பாருங்க, எதுக்குன்னே எனக்கு இன்னும் புரியல.

அப்புறம் சம்பந்தம் இல்லன்னாலும் சொல்லிடறேன், அந்த ரிசப்ஷன்ல பாடுனவங்களுக்கு ரெண்டாம் பந்தி, எங்களுக்குக் கடைசிப் பந்தி. வெறும் ரசமும் அப்பளமும். மத்தியானத்துலேந்து ஸ்பீக்கர் தூக்குனது நாங்க. பேசுன காசுலயும் "கத்துச்சே"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க, யார் மைக் கத்துச்சுன்னு யாரும் கேக்கல.

58 பாதி விலைக்குக் கிடைச்சா அது டூப்ளிகேட், தெரிஞ்ச டீலர்கிட்ட பில்லோட வாங்குங்க. ஸ்விட்ச் வச்ச மாடல் வேணாம், பாட்டு நடுவுல கை பட்டு ஆஃப் ஆகும், அப்பவும் எல்லாரும் சவுண்டுக்காரனைத்தான் திரும்பிப் பாப்பாங்க.