பனிப்போரைப் படிக்க இரண்டு தந்திகளில் தொடங்குங்கள்

"போட்டித் தேர்வுக்காகப் பனிப்போர் படிக்கிறேன். ட்ரூமன் கோட்பாடு, மார்ஷல் திட்டம், நேட்டோ என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்தாலும் ஒரே மாதத்தில் மறந்துபோகிறது. அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இந்தப் பகை ஏன் வந்தது என்பதும் பிடிபடவில்லை. எப்படிப் படிப்பது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஆண்டுப் பட்டியலைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். 1946-இல் எழுதப்பட்ட இரண்டு தந்திகளை அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்று, மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கெனன் பிப்ரவரி 22 அன்று வாஷிங்டனுக்கு அனுப்பிய 'நீண்ட தந்தி'. மற்றொன்று, வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் நிக்கொலாய் நோவிகோவ் செப்டம்பர் 27 அன்று மாஸ்கோவுக்கு அனுப்பியது.

ரஷ்ய ஆட்சியாளர்களுக்குக் காலங்காலமாக உள்ள பாதுகாப்பின்மை உணர்வுக்கு மார்க்சியம் ஒரு போர்வை என்கிறார் கெனன். நியாயம் பேசிப் பயனில்லை, பலத்தைக் கண்டால்தான் பின்வாங்குவார்கள் என்பது அவர் முடிவு. நோவிகோவோ, அமெரிக்க ஏகபோக முதலாளித்துவம் உலக ஆதிக்கம் தேடுகிறது என்கிறார். தொலைதூர ராணுவத் தளங்களையும் பெருகிய படைச் செலவையும் சான்றாகக் காட்டுகிறார். நோட்டில் ஒரு கோடு போட்டு, இருவரும் நேரில் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதுங்கள். பயம் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பது தெரியும். தந்தியை வெளியுறவு அமைச்சர் மொலோடோவின் வழிகாட்டலில்தான் எழுதியதாக நோவிகோவே பின்னாளில் சொன்னார். ஆகவே, மேலிடம் கேட்க விரும்பியதும் அதில் கலந்திருக்கிறது.

இந்தச் சோவியத் தந்தி 1990-இல்தான் வெளியானது. எனவே நீங்கள் படிக்கும் நூல் எந்த ஆண்டு வந்தது என்று முதலில் பாருங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை நிறுத்தியதால் எழுந்த 1962 நெருக்கடியில் சோவியத் தலைவர் குருஷேவ் பணிந்துபோனார் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். ஆனால் அக்டோபர் 27 இரவு, துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றுவதாக அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினிடம் ரகசியமாக வாக்களித்திருந்தார். 1963-இல் அவை அகற்றப்பட்டன. இது தெரியாமல் எழுதிய நூலில் கதையே வேறு.

சித்தாந்தமே எல்லாம் என்று தோன்றினால் சீனாவைப் பாருங்கள். 1969-இல் உசூரி ஆற்றெல்லையில் சீனா, சோவியத் ஒன்றியம் என்ற இரண்டு கம்யூனிஸ்ட் நாடுகள் சுட்டுக்கொண்டன. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில் சீனத் தலைவர் மாவோவைச் சந்தித்தார்.

வில்சன் மையத்தின் இணைய ஆவணக் காப்பகத்தில் சோவியத், சீன ஆவணங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க ஆவணத் தொகுதிகளை அந்நாட்டு வெளியுறவுத் துறையே இணையத்தில் வைத்திருக்கிறது.

அப்புறம் ஆண்டுப் பட்டியலுக்கு வாருங்கள். கம்யூனிசத்தை எதிர்க்கும் நாடுகளுக்கு உதவுவோம் என்ற தன் கோட்பாட்டை அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1947 மார்ச் 12 அன்று பேசியது கெனன் தந்திக்கு ஓராண்டு கழித்து. அந்த உரையின் வாக்குறுதி அளவுக்கு மீறி விரிகிறது என்று கெனனே ஆட்சேபித்தார். ஏன் என்று அவர் தந்தியிலேயே தேடிப் பாருங்கள். அந்தத் தேதி மறக்காது.